தறி அட்டையும் டிவிடி தகடும்: படியெடுத்தலைக் கற்பிக்க ஒரு பாடம்

வகுப்பு: 8 முதல் 10 வரை
தொடர்புடைய பாடங்கள்: கணிதம், அறிவியல், சமூக அறிவியல்
பாடவேளை: 4
தேவையானவை: டிவிடி ரைட்டர் உள்ள கணினி ஒன்று, பள்ளியில் உள்ள பழைய தகடுகள், வெற்று டிவிடி தகடுகள் இரண்டு, கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டைகள் சில, கட்ட நோட்டு

பல பள்ளிகளின் அலமாரியில் ஒரு பெட்டி இருக்கும். ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி, களப்பயணம், பயிற்சியில் கொடுத்த பாடக் காட்சிகள் என்று எழுதிய டிவிடி தகடுகள் அதில் அடுக்கியிருக்கும். பென் டிரைவும் கைபேசியும் வந்த பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. 2018ஆம் ஆண்டு புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு வந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பாடக் காட்சிகளுக்குத் தகட்டைத் தேட வேண்டிய தேவை குறைந்துவிட்டது. ஆனால் நம் பள்ளியில் நாமே எடுத்த பதிவுகள் வேறு எங்கும் கிடைக்காது. அவை அந்தப் பெட்டியில் மட்டுமே உள்ளன.

தகட்டில் எழுதிவிட்டால் என்றைக்கும் இருக்கும் என்று பலர் நினைக்கிறோம். வீட்டிலோ கடையிலோ எழுதிய தகட்டில் தகவலைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப்படலம். வெயில், வெப்பம், ஈரப்பதம், கீறல் எல்லாம் அதைக் கெடுக்கும். சாயம் வெளிறிய பிறகு அதை மீட்க வழியில்லை. படிக்க முடிகிற காலத்திலேயே படியெடுத்துவிட வேண்டும். இந்த வேலையை மாணவர்களைக் கொண்டே செய்யலாம், அதையே பாடமாகவும் நடத்தலாம் என்பது என் அனுபவம்.

நான் காஞ்சிபுரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பலர் தறி உள்ள வீட்டுப் பிள்ளைகள். சிலரின் பெற்றோர் தறியை விட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். ஆனாலும் தாத்தா பாட்டி வீட்டில் தறி இருக்கிறது. ஆகவே படியெடுத்தலை அவர்களுக்குத் தறியிலிருந்தே தொடங்கிக் கற்பித்தேன்.

கற்றல் நோக்கங்கள்

1. ஒரு தகவலை இரண்டே குறிகளால் எழுத முடியும் என்பதை உணர்தல்.
2. தகட்டின் கொள்ளளவையும் எழுத ஆகும் நேரத்தையும் கணக்கிடுதல்.
3. ஒரு தகட்டைப் பிழையின்றிப் படியெடுத்து, சரிபார்த்து, பெயரிடுதல்.
4. எதைப் படியெடுக்கலாம், எதைக் கூடாது என்பதைக் காரணத்துடன் சொல்லுதல்.

முதல் பாடவேளை: அட்டையில் இருக்கும் டிசைன்

தறி வைத்திருக்கும் மாணவர்களிடம் கழித்த ஜக்கார்டு அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். நீளமான அட்டை, அதில் வரிசையாகத் துளைகள். இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதும், ஒருபோதும் கை தூக்காத மாணவன் ஒருவன் எழுந்து விளக்கினான். “ஓட்டை இருந்தா ஊசி உள்ள போயிடும் சார். கொக்கி மேல தூக்கும், நூல் எழும்பும். ஓட்டை இல்லன்னா அட்டை ஊசியத் தள்ளிடும், நூல் எழும்பாது.” அதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

ஒவ்வோர் அட்டையும் ஓர் ஊடைக்கு உரியது. அட்டைகளை வரிசையாகக் கோத்துச் சுற்றவிட்டால் மயிலோ மாங்காயோ கோபுரமோ கரையில் வரி வரியாக எழும்புகிறது. துளை உண்டு என்பதை 1 என்றும், இல்லை என்பதை 0 என்றும் எழுதினால் டிசைன் முழுவதும் எண்களாகிவிடும்.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் இந்தப் பொறியை உருவாக்கினார். அவருக்கு முன்பே 1725இல் புஷோன் என்பவர் துளையிட்ட காகிதத்தைத் தறியில் பயன்படுத்தியிருந்தார். ஜக்கார்டின் உருவப்படத்தையே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அந்தப் படத்தை வைத்திருந்தவர்களில் ஒருவர், கணிப்பொறியைக் கனவு கண்ட சார்லஸ் பாபேஜ். தன் பகுப்பாய்வுப் பொறிக்குக் கட்டளைகளைத் துளை அட்டைகளால் கொடுக்க அவர் திட்டமிட்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். நம் ஊர்த் தறிக்கும் கணினிக்கும் இடையே உள்ள உறவு இவ்வளவு நேரடியானது என்று அறிந்தபோது மாணவர்கள் வியந்தார்கள்.

ஜக்கார்டு பரவுவதற்கு முன் காஞ்சிபுரத்தில் டிசைனை நூல் கட்டுகளிலேயே கட்டிவைக்கும் ‘அடை’ முறை இருந்தது. அதுவும் ஒரு பதிவுதான். அடையிலிருந்து அட்டைக்கும், இப்போது அட்டையிலிருந்து மின்னணு ஜக்கார்டின் நினைவகத்துக்கும் டிசைன்கள் வந்திருக்கின்றன. மாற்றி எடுக்கப்படாத டிசைன்கள் பழைய கட்டுகளோடு போய்விட்டன.

செயல்பாடு 1: கட்ட நோட்டில் 8க்கு 8 கட்டம் வரைந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு சிறு புட்டா வரைய வேண்டும். நிரம்பிய கட்டம் 1, காலிக் கட்டம் 0. எண்களை மட்டும் அடுத்த குழுவிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் படத்தைப் பார்க்காமல் எண்ணிலிருந்து புட்டாவை வரைய வேண்டும்.

செயல்பாடு 2: அதே எண்களை ஒரு குழு வேகமாகப் படியெடுக்கட்டும். பிழை நேரும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை 1 உள்ளன என்று எண்ணிப் பக்கத்தில் எழுதலாம் என்று என் மாணவர்கள் சொன்னார்கள். ஒரே வரிசைக்குள் ஒரு 1 இடம் மாறிவிட்டால் எண்ணிக்கை மாறாதே என்று கேட்டேன். அப்படியானால் நெட்டு வரிசையிலும் எண்ண வேண்டும் என்றார்கள். கிடை, நெடு இரண்டு எண்ணிக்கையும் சரியாக இருந்தும் பிழை ஒளிந்திருக்க முடியுமா என்ற கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளில் 1, 0, 1, 0 என்று சுற்றிவர இருந்து, அவை 0, 1, 0, 1 ஆக மாறினால் இரண்டு எண்ணிக்கையும் மாறாது. மறுநாள் இருவர் இதைக் கண்டுபிடித்து வந்தார்கள். கணினி சரிபார்ப்புக்கு ஏன் இன்னும் நுட்பமான கணக்கைப் பயன்படுத்துகிறது என்பதற்கு இதுவே முன்னுரை.

இரண்டாம் பாடவேளை: தகட்டுக்குள் என்ன இருக்கிறது

டிவிடி தகட்டின் விட்டம் 12 செ.மீ., கனம் 1.2 மி.மீ. ஒவ்வொன்றும் 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு வட்டுகளை ஒட்டிச் செய்தது. தகவல் உள்ள படலம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சிடி தகட்டில் அந்தப் படலம் பெயர் எழுதும் பக்கத்தின் அடியிலேயே இருக்கிறது. அதனால்தான் சிடியின் மேற்பக்கக் கீறல் அடிப்பக்கக் கீறலைவிட ஆபத்தானது.

கடையில் விற்கும் அச்சுத் தகட்டில் தகவல் நுண்ணிய குழிகளாக இருக்கும். நாம் எழுதும் தகட்டில் குழி இல்லை. டிவிடி ரைட்டரின் லேசர் சாயப்படலத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும், சுடாத இடம் அதிகமாகத் திருப்பி அனுப்பும். ‘பர்ன் பண்ணுவது’ என்று நாம் சொல்வது இந்தச் சூட்டைத்தான். படிக்கும் போது அதே லேசர் குறைந்த சக்தியில் வருகிறது. டிவிடிக்கு 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர், சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். அலைநீளம் குறைந்தால் இன்னும் சிறிய குறியைப் படிக்கலாம். அதுவும் ஒரு காரணமாகத்தான் ஒரே அளவுள்ள தகட்டில் சிடி 700 எம்பி கொள்ளும்போது டிவிடி 4.7 ஜிபி கொள்கிறது.

மேல் வகுப்புகளில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அட்டையில் துளை 1, துளையின்மை 0. தகட்டில் ஒரு குறி தொடங்கும் அல்லது முடியும் விளிம்பே 1 ஆகிறது, மாற்றமில்லாமல் நீளும் பகுதி 0 ஆகிறது. இரண்டே நிலைகளில் எழுதுகிறோம் என்ற அடிப்படை மாறவில்லை.

இங்கே கணிதத்துக்கு நல்ல விளைச்சல் உண்டு. என் வகுப்பில் செய்த நான்கு கணக்குகளைத் தருகிறேன்.

கணக்கு 1: 240 கொக்கி உள்ள ஜக்கார்டு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டையில் 240 இடங்கள், அதாவது 240 பிட். 8 பிட் ஒரு பைட் என்றால் ஓர் அட்டை 30 பைட். ஒரு டிவிடி 470 கோடி பைட். அப்படியானால் ஒரு தகடு எத்தனை அட்டைகளுக்குச் சமம்? ஏறத்தாழ 15 கோடியே 66 லட்சம் அட்டைகள்.

கணக்கு 2: 4.7 ஜிபி என்று உறையில் போட்டிருக்கிறது, விண்டோஸ் கணினி 4.37 ஜிபி என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? தகடு செய்பவர் 1000ஐ மூன்று முறை பெருக்கி ஒரு ஜிபி என்கிறார், கணினி 1024ஐ மூன்று முறை பெருக்குகிறது. அடுக்குகள் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு 3: 1 எக்ஸ் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 13.85 லட்சம் பைட். முழுத் தகட்டையும் எழுத 57 நிமிடம் ஆகும். 8 எக்ஸ் என்றால் 7 நிமிடத்துக்குச் சற்று மேல். நடைமுறையில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் இதைவிடக் கூடுகிறது. பல ரைட்டர்கள் உட்பகுதியில் மெதுவாகத் தொடங்கி வெளிப்பகுதியில்தான் முழு வேகத்தை எட்டுகின்றன. கணக்கிட்டதும் அளந்ததும் ஏன் வேறுபடுகின்றன என்ற விவாதத்தை மாணவர்களிடம் விடுங்கள்.

கணக்கு 4 (9, 10ஆம் வகுப்பு): தகவல் தடம் மையத்திலிருந்து 2.4 செ.மீ. தொலைவில் தொடங்கி 5.8 செ.மீ. வரை சுருளாகச் செல்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். வட்ட வளையத்தின் பரப்பைக் கண்டுபிடித்து இடைவெளியால் வகுத்தால் தடத்தின் நீளம் வரும். விடை ஏறத்தாழ 11.8 கி.மீ. கையில் அடங்கும் தகட்டில் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் பாதை இருக்கிறது என்பதை மாணவர்கள் முதலில் நம்பவில்லை. மூன்று குழுக்கள் தனித்தனியே செய்து ஒரே விடை வந்த பிறகுதான் நம்பினார்கள்.

மூன்றாம் பாடவேளை: படியெடுக்கும் முறை

புதிய மடிக்கணினிகளில் டிவிடி ரைட்டர் இருப்பதில்லை. யூஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி ரைட்டர் போதும். பழைய மேசைக் கணினி பள்ளியிலோ வீட்டிலோ இருந்தால் இன்னும் நல்லது. பின்வரும் வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, ஒவ்வொரு படியையும் ஒரு மாணவரின் பொறுப்பில் விட்டேன்.

படி 1, துடைத்தல்: தகட்டை விளிம்பிலும் நடுத்துளையிலும் மட்டுமே பிடிக்க வேண்டும். மென்மையான பருத்தித் துணியால் மையத்திலிருந்து வெளி விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும், அதைக் கணினியால் சரிசெய்ய முடியாது. தடத்தைக் குறுக்கே வெட்டும் சிறு கீறலைப் பிழைதிருத்தக் குறியீடு ஈடுசெய்துவிடும்.

படி 2, படிமக் கோப்பு எடுத்தல்: தகட்டில் உள்ளவற்றைத் தனித்தனிக் கோப்பாக இழுத்துப் போடாமல், முழுத் தகட்டையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பது நல்லது. வீடியோ டிவிடியில் முகப்புப் பட்டியல், காட்சிகளின் வரிசை எல்லாம் அப்போதுதான் அப்படியே வரும். விண்டோஸில் இம்க்பர்ன், லினக்ஸில் பிராசெரோ அல்லது கே3பி போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உண்டு.

படி 3, திறந்து பார்த்தல்: படிமக் கோப்பை விஎல்சி மென்பொருளில் திறந்து தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும். பழுது பெரும்பாலும் வெளி விளிம்பில், அதாவது பதிவின் கடைசிப் பகுதியில் தொடங்குகிறது. முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடுவதால் முழுவதும் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

படி 4, புதிய தகட்டில் எழுதுதல்: விண்டோஸ் 7 முதல் ஐஎஸ்ஓ கோப்பைத் தகட்டில் எழுதும் வசதி கணினியிலேயே உள்ளது. உறையில் 16 எக்ஸ் என்று போட்டிருந்தாலும் 4 அல்லது 8 எக்ஸ் நடுத்தர வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எழுதும்போது வேறு பெரிய வேலைகளைக் கணினியில் ஓடவிட வேண்டாம். முடிவில் தகட்டை நிறைவுசெய்யும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறைவுசெய்யாத தகடு எழுதிய கணினியில் ஓடும், வீட்டு டிவிடி பிளேயரில் ஓடாமல் போகலாம். கைபேசியில் எடுத்த எம்பி4 காட்சியை அப்படியே தகட்டில் போட்டால் பழைய பிளேயர்கள் பலவும் அதைப் படிக்காது என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

படி 5, சரிபார்த்தல்: எழுதி முடித்ததும் ‘சரிபார்’ என்ற வாய்ப்பு மூலத்தையும் படியையும் பைட் பைட்டாக ஒப்பிடும். பிற்காலத்திலும் சரிபார்க்க, ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு ஏட்டில் குறித்துவைக்கலாம். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். முதல் பாடவேளையில் கட்டங்களின் பக்கத்தில் மாணவர்கள் எழுதிய எண்ணிக்கையின் வளர்ந்த வடிவம் இது.

எங்கள் பெட்டியில் 23 தகடுகள் இருந்தன. 15 தகடுகள் தடையின்றிப் படிந்தன. 5 திணறின. 3 தகடுகளைக் கணினி அடையாளமே காணவில்லை. திணறியவற்றில் ஒன்று, முன்பு ஒரு களப்பயணத்தின் போது பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதிய நெசவாளரைப் பேசவைத்து எடுத்த பதிவு. அடை கட்டுவதை அவர் கையால் செய்துகாட்டிப் பேசியிருந்தார். இன்று அவர் உயிரோடு இல்லை. அவருடைய பேத்தி இப்போது எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஒரு ரைட்டரில் படியாத தகடு வேறொரு ரைட்டரில் படியலாம் என்பதால் மூன்று கணினிகளில் மாற்றி மாற்றிப் போட்டோம். வேகத்தைக் குறைத்தோம். லினக்ஸில் உள்ள டிடி ரெஸ்க்யூ என்ற கருவியால், படிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் படியாத இடங்களுக்கு மறுபடி மறுபடி திரும்பினோம். 20 நிமிடப் பதிவில் 12 நிமிடம் கிடைத்தது. அடை கட்டும் பகுதி அதில் இருக்கிறது. அதை வகுப்பில் ஓட்டியபோது அந்த மாணவி, “தாத்தா குரல் இப்படித்தான் இருக்குமா சார்?” என்று மட்டும் கேட்டாள். மீதி 8 நிமிடத்தை இனி எவராலும் மீட்க முடியாது.

படிக்கு அடையாளம் எழுதுதல்

படியெடுப்பதோடு வேலை முடிவதில்லை. இது எதன் படி, எப்போது எடுத்தது என்று எழுதாவிட்டால் பத்து ஆண்டுகளில் யாருக்கும் புரியாது. இதற்கு நம் மரபிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். அவை பழைய கல்லின் படி என்பதையும் அங்கேயே குறித்தார்கள். மூலக் கற்கள் போன பிறகும் செய்தி நமக்குக் கிடைப்பது அதனால்தான். எங்கள் மாவட்டத்தில் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் குடவோலைக் கல்வெட்டுகள் இன்னும் சுவரிலேயே உள்ளன. ஆனாலும் கல்வெட்டியலார் அவற்றை மைப்படி எடுத்து அச்சிட்டதால்தான் பாடநூலுக்கு வந்து, உத்திரமேரூரைப் பார்க்காத மாணவரும் படிக்க முடிகிறது.

எங்கள் ஏட்டில் ஒவ்வொரு படிக்கும் ஏழு குறிப்புகள் எழுதுகிறோம்: நிகழ்ச்சியின் பெயர், நடந்த நாள், பதிவு செய்தவர், மூலத் தகட்டின் எண், படியெடுத்த நாள், படியெடுத்த மாணவர், விடுபட்ட பகுதி. கடைசிக் குறிப்பு முக்கியமானது. குறையை மறைத்த படி பின்னால் வருபவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். தகட்டின் மேல் காகிதம் ஒட்ட வேண்டாம். பசையும் எடைச் சமமின்மையும் தகட்டைக் கெடுக்கும். கரைப்பான் இல்லாத மென்முனைப் பேனாவால் நடுத்துளையைச் சுற்றியுள்ள பகுதியில் சுருக்கமாக எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

பிறகு எங்கே வைப்பது? மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில் என்பது எளிய விதி. தகட்டில் ஒன்று, பள்ளிக் கணினியில் ஒன்று, தலைமையாசிரியரின் பொறுப்பில் வேறிடத்தில் உள்ள வன்வட்டில் ஒன்று. தகடுகளை உறையில் இட்டு நிற்கவைத்து, வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும்.

நான்காம் பாடவேளை: யாருடைய உரிமை

தகடு எழுதக் கற்றுக்கொடுத்த மறுநாளே, “புதுப்படம் ஒண்ணு இருக்கு சார், எழுதித் தரலாமா?” என்ற கேள்வி வரும். எனக்கும் வந்தது. சட்டத்தைச் சொல்லி அடக்குவதற்கு முன் அவர்களிடமே ஒரு கேள்வியைத் திருப்பினேன். உங்கள் அப்பா புதிதாகப் போட்ட முந்தி டிசைனைப் பார்த்து வேறு ஊரில் விசைத்தறியில் நெய்து, காஞ்சிபுரம் பட்டு என்று விற்றால் என்ன ஆகும்?

பதில் உடனே வந்தது. வீட்டில் தினமும் கேட்கும் பேச்சுதான் அது. டிசைன் வரைந்தவர், அட்டை அடித்தவர், பாவு போட்டவர், நெய்தவர் என்று அந்தச் சேலைக்குப் பின்னால் உள்ள உழைப்பை வரிசையாகச் சொன்னார்கள். திரைப்படத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு வரிசை உண்டு என்பதை அவர்களே பட்டியலிட்டார்கள். தகட்டில் எழுதி விற்பவர் அந்த வரிசையில் எங்கே இருக்கிறார் என்று கேட்டபோது வகுப்பு அமைதியானது.

பிறகு சட்டத்துக்கு வந்தோம். காஞ்சிபுரம் பட்டு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அது ஊரின் பெயரைக் காக்கிறது, தனித்தனி டிசைனைக் காப்பதில்லை. புதிய டிசைனுக்கு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் தனியே பதிவு பெறலாம். பட்டுச் சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கியது 1985ஆம் ஆண்டுச் சட்டம். திரைப்படம், பாடல், நூல், மென்பொருள் ஆகியவற்றுக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உள்ளது. பதிப்புரிமை மீறலுக்கு அச்சட்டம் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வகுத்துள்ளது. தமிழ்நாட்டில் 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்திலும் வீடியோ திருட்டு சேர்க்கப்பட்டது.

அதே பதிப்புரிமைச் சட்டம் கற்பித்தலுக்குக் கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. பிரிவு 52இன்படி, பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது மீறலாகாது. பள்ளி நடவடிக்கையின் ஒரு பகுதியாக மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையோர் மட்டுமே பார்க்கும்படி ஒரு படத்தைக் காட்டுவதற்கும் அங்கே இடமுண்டு. பாடத்துக்குத் தேவையான பக்கங்களைத் தொகுத்துப் படியெடுப்பது பற்றிய வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் கல்வியின் பக்கம் நின்றது.

இவற்றைக் கொண்டு கீழ்க்காணும் சூழல்களைக் குழுக்களுக்குக் கொடுத்து விவாதிக்கச் செய்தேன். அடைப்புக்குறியில் இருப்பவை வகுப்பு வந்தடைந்த முடிவுகள்.

1. பள்ளியே எடுத்த களப்பயணப் பதிவைப் படியெடுத்தல். (செய்யலாம், செய்தாக வேண்டும்.)
2. விலைக்கு வாங்கிய மென்பொருள் தகடு கெட்டுவிடும் என்று ஒரு காப்புப் படி வைத்தல். (முறையாக வாங்கியவர், இழப்பிலிருந்து காப்பதற்காக மட்டும் வைக்கலாம்.)
3. கடையில் வாங்கிய திரைப்பட டிவிடியின் காப்புப் பூட்டை உடைத்துப் படியெடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தல். (கூடாது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பது 2012 திருத்தத்தின்படி தனிக் குற்றம்.)
4. ஆண்டு விழா நடனப் பதிவைப் பெற்றோருக்குக் காட்டுதல். (காட்டலாம்.)
5. அதே பதிவை இணையத்தில் ஏற்றுதல். (நிறுத்தி யோசிக்க வேண்டும். பாடலின் உரிமையாளர் அனுமதி ஒன்று, காட்சியில் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இசைவு மற்றொன்று.)
6. முதிய நெசவாளரின் பதிவை வேறு பள்ளிக்குக் கொடுத்தல். (அவர் குடும்பத்தாரைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.)

ஆறாவது சூழலுக்கு வகுப்பில்தான் விடை பிறந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு படியை எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு அருகிலுள்ள பள்ளிக்குக் கொடுத்தோம்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வைவிடச் செயல் வழி மதிப்பீடு இதற்குப் பொருந்தும். ஒவ்வொரு குழுவும் ஒரு பழைய தகட்டை எடுத்து, படிமம் உருவாக்கி, சரிபார்த்து, ஏட்டில் ஏழு குறிப்புகளையும் எழுதி ஒப்படைக்க வேண்டும். அத்துடன் மூன்று கேள்விகள்:

அ. ஒரு தகடு 3,000 எம்பி நிறைந்துள்ளது. 4 எக்ஸ் வேகத்தில் எழுத எத்தனை நிமிடம் ஆகும்?
ஆ. வரிசை எண்ணிக்கை சரியாக இருந்தும் படியில் பிழை இருக்க முடியும் என்பதற்கு 4க்கு 4 கட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு தருக.
இ. படியெடுப்பது உதவியாகும் ஒரு சூழலையும், பிறர் உழைப்பைப் பறிப்பதாகும் ஒரு சூழலையும் உன் தெருவிலிருந்தே எழுதுக.

மூன்றாம் கேள்விக்கு வந்த விடைகள் பலவும் பாடத்தைவிடச் சிறந்திருந்தன. பழைய அட்டை கிழிவதற்குள் அதே டிசைனுக்குப் புது அட்டை அடித்துவைப்பதை ஒரு மாணவி முதல் சூழலாக எழுதியிருந்தாள்.

பிற ஊர்களில்

தறி இல்லாத ஊரில் இந்தப் பாடம் செல்லாதா என்று கேட்கலாம். இரண்டே குறிகளில் எழுதும் வழக்கம் எந்த ஊரிலும் இருக்கும். புள்ளிக் கோலத்தைக் கட்ட நோட்டில் போட்டு எண்ணாக்கலாம். பாய் முடையும் ஊரில் மேலே போகும் கோரை, கீழே போகும் கோரை என்று எழுதலாம். கடலோரப் பள்ளியில் வலை பின்னும் முறையைக் கேட்டு எழுதலாம். மாணவர் வீட்டில் உள்ள தொழிலிலிருந்து தொடங்கும்போது, வகுப்பில் பேசாத பிள்ளைதான் முதலில் பேசுகிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் முதல் பாடவேளையின் கட்ட விளையாட்டை மட்டும் 4, 5ஆம் வகுப்புகளில் நடத்தலாம். தகடு எழுதும் வேலையை அவர்கள் தாமே செய்துவிடலாம்.

ஆசிரிய நண்பர்களே, இந்தப் பருவம் முடிவதற்குள் உங்கள் பள்ளி அலமாரியைத் திறந்து தகடுகளை எண்ணுங்கள். வெளியில் எங்கும் கிடைக்கக்கூடிய பாடத் தகடுகளைப் பிறகு பார்க்கலாம். உங்கள் ஊர் மனிதரின் குரலும் முகமும் உள்ளவற்றை முதலில் எடுங்கள். வெற்றுத் தகடும் ரைட்டரும் கடைகளில் குறைந்துகொண்டே வருகின்றன. படிக்கும் கருவி கிடைக்கும்போதே படியெடுத்து, அடுத்து வரும் ஊடகத்துக்கு மாற்றி வையுங்கள். இதைச் செய்யக் கற்ற மாணவர்கள் உங்கள் பள்ளியில் இருந்தால், அடுத்த முறை ஊடகம் மாறும்போது அவர்களே நினைவூட்டுவார்கள்.